தாம்பூலமும் வாய்ப்புற்றும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நோயின் வரலாறு, அதற்கு ஆளான மக்களின் தொழில், வாணிகம், வழக்கம் ஆகியவற்றின் வரலாறுமாகும். செதிட்கலப் புற்றுநோய் இதற்குத் தக்க சான்று. தோலின் மேற்படையிலும், வாய், தொண்டை முதலியவற்றைப் போர்த்துள்ள சீதமென்சவ்விலும் செதில்போல் தட்டையான கலங்கள் அடுக்காக அமைந்துள்ளன. அவை கட்டுப்பாடிழந்து பெருகுவதே இந்நோய்.

1775இல் இலண்டன் வைத்தியர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைப்போரின் தோற்புற்றுக்குப் புகைக்கரியே காரணமெனக் காட்டினார். 1866இல் எல்ம்ஸ்லி என்பார், காஷ்மீர மக்கள் குளிருக்காக ஆடைக்குள் அணைத்துவைக்கும் காங்கிரி என்னும் நெருப்புச்சட்டியால் வயிற்றுத்தோலில் புற்று உண்டாவதை எழுதினார். நோய் விதியன்று, வழக்கத்தின் விளைவு என்பது இவற்றால் புலனாயிற்று.

இவ்வரலாற்றில் நம்மவர்க்கும் பங்குண்டு. ஒல்லாந்தர் காலத்திலும் 19ஆம் நூற்றாண்டிலும் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரே பெருஞ்சந்தையாக விளங்கிற்று. அந்நாட்டின் தென்பகுதியிலே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் வைத்தியசாலையில், பென்டல் தாம் கண்ட புற்றுநோயாளர் பற்றி 1908இல் எழுதினார். தாம்பூலம் தரிப்போரின் வாய்ப்புற்றை ஆராய்ந்த ஓர் என்பாரின் கட்டுரை 1933இல் வெளிவந்தது. அந்நோயாளர் யாவரும் யாழ்ப்பாணப் புகையிலையே மென்றனர் எனத் துணிதல் பொருந்தாது. ஆயினும், நம் தோட்டங்களுக்குச் செல்வமளித்த அதே வழக்கமே அக்கரையில் நோயாய் விளைந்தது என்பதை மறைத்தலும் வரலாறாகாது.

தாம்பூலம் எமது தொன்மை என்பர். வெற்றிலை தொன்மையானதே, புகையிலையோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் காலத்தில் வந்து சேர்ந்தது. புகையிலை கலந்த தாம்பூலம் புற்றை விளைவிப்பது என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்கும் அத்தன்மையனவே என அது 2004இல் உறுதிசெய்தது. ஆகவே, தொன்மை என்பது தீங்கின்மைக்குச் சான்றாகாது.

எமது பூநகரியில் வயலில் இறங்குவோர் களைப்பாறுவதற்கும், வீட்டு முதியோர் பொழுதுபோக்குவதற்கும் தாம்பூலத்தையே நாடுவர். என் அம்மம்மாவின் இடக்கன்னத்தில் அடக்கிய புகையிலை உறங்கும்போதும் அங்கேயே இருந்ததை யான் அறிவேன். அவ்வாறு அடக்கும் இடத்திலேயே வெண்படலமோ செம்படலமோ முதலிற் தோன்றுதல் வழக்கம். நோவில்லாமையால் அதனைப் பொருட்படுத்துவாரில்லை. முன்னர் யாழ்ப்பாணத்து வைத்தியரைக் காணக் கடனீரேரியைப் படகிற் கடக்கவேண்டியிருந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் அத்தடை நீங்கிற்று; தயக்கமே எஞ்சியுள்ளது.

வாயோ விளக்கொளியில் எவரும் காணக்கூடிய உறுப்பு. இரு வாரங்களில் ஆறாத புண்ணை வைத்தியருக்குக் காட்டினால் பிழைப்போர் பலராவர். நெய்யூர் ஏடுகள் நூறாண்டுக்கு முன் உணர்த்திய பாடத்தை நம் வீட்டுத் திண்ணைகளுக்குக் கொண்டுசெல்லுதல் கற்றோராகிய எமது கடனாகும்.