பாரதி வீடுகளின் வரிசையில் கடையம்

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11 அன்று பாரதி பிறந்த வீடு இன்று அரசு நினைவில்லம். தெருவிலிருந்து திண்ணையேறி உள்ளே போகிறவர்கள் குடும்பப் புகைப்படங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிடுகிறார்கள். புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடும் திருவல்லிக்கேணி வீடும் அதேபோலக் காப்பாற்றப்பட்டவை.

இந்த வரிசையில் பலர் தாண்டிச் செல்லும் ஊர், தென்காசிக்குப் பக்கத்துக் கடையம்.

பாரதியின் மனைவி செல்லம்மா பிறந்த ஊர் அது. 1897இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. புதுவையில் பத்தாண்டு இருந்துவிட்டு 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்த பாரதி, கடலூரில் கைதானார். திருநெல்வேலி மாவட்டத்திலேயே தங்க வேண்டும், எழுதுவதைப் போலீசாரிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு டிசம்பரில் விடுதலையானார். மனைவியின் ஊரே அடைக்கலம் தந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நித்தியகல்யாணி அம்மன் கோயில் இருக்கும் அந்த ஊரில் அவர் முடங்கிக் கிடக்கவில்லை. 1919 மேயில் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். தம் படைப்புகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு, 1920இல் அன்பர்களிடம் கடன் கேட்டார். பணம் சேரவில்லை. அவ்வாண்டே 'சுதேசமித்திரன்' வேலைக்காகச் சென்னைக்குக் கிளம்பினார். 1921 செப்டம்பரில் மறைந்தார். அவர் நூல்களைப் பதிப்பிக்க 'பாரதி ஆசிரமம்' தொடங்கியவர் செல்லம்மா.

எட்டயபுர வீட்டைப் பார்த்தவர்கள் கடையத்தையும் பார்க்க வேண்டும். குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு அது சிரமமே இல்லை: தென்காசியில் திருநெல்வேலி ரயில் ஏறி, கீழக்கடையத்தில் இறங்கலாம்.