இங்கிலாந்தின் லீக் ஒன் கால்பந்துப் போட்டி, 2019–20 பருவம்

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் ஆகிய இரண்டுக்கும் அடுத்த மூன்றாம் நிலையில் இருப்பது லீக் ஒன். இதன் 2019–20 பருவம் 2019 ஆகஸ்ட் 3 அன்று தொடங்கியது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச் 13 அன்று நிறுத்திவைக்கப்பட்டு, ஜூன் 9 அன்று கழகங்களின் வாக்கெடுப்பால் பாதியிலேயே முடித்துவைக்கப்பட்டது. 24 கழகங்களுக்கென வகுக்கப்பட்ட இப்போட்டியில் பரி கழகம் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வெளியேற்றப்பட்டதால் 23 கழகங்களே ஆடின. கோவென்ட்ரி சிட்டி முதலிடமும் ராதரம் யுனைட்டட் இரண்டாமிடமும் பெற்றன. பிளே-ஆஃப் எனப்படும் தகுதிச் சுற்றின் வழியாக விக்கம் வாண்டரர்ஸ் மேல்நிலைக்குச் சென்றது. டிரான்மியர் ரோவர்ஸ், சவுத்எண்ட் யுனைட்டட், போல்ட்டன் வாண்டரர்ஸ் ஆகிய மூன்றும் நான்காம் நிலையான லீக் டூவுக்கு இறக்கப்பட்டன.

மூன்றாம் நிலைப் போட்டி 1920இல் உருவானது. அதுவரை முதல், இரண்டாம் டிவிஷன்களை மட்டுமே கொண்டிருந்த ஃபுட்பால் லீக், தெற்கு இங்கிலாந்துக் கழகங்கள் தனியே நடத்திவந்த சதர்ன் லீகின் உயர்பிரிவை ஏறத்தாழ அப்படியே தன்னோடு சேர்த்துக்கொண்டு அதற்கு மூன்றாம் டிவிஷன் எனப் பெயரிட்டது. அதன் முதல் பருவத்தில் கிரிஸ்டல் பேலஸ் வென்றது. வடக்குக் கழகங்களுக்கு இதில் இடமில்லை என்ற குறையைப் போக்க, 1921இல் வடக்குப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டு, மூன்றாம் டிவிஷன் தெற்கு, வடக்கு என இரண்டாயிற்று. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெற்ற கழகம் மட்டுமே இரண்டாம் டிவிஷனுக்கு உயர முடியும் என்ற கடுமையான விதியால், நல்ல அணிகள் பலவும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தேங்கின. ஆயினும் இங்கிலாந்துக் கால்பந்தின் வியத்தகு சாதனைகள் சில இந்தத் தாழ்ந்த பிரிவுகளில்தான் நிகழ்ந்தன. 1935 டிசம்பர் 26 அன்று டிரான்மியர் ரோவர்ஸ் 13–4 என்ற கணக்கில் ஓல்டம் அணியை வீழ்த்தியபோது பன்னி பெல் தனியொருவராக 9 கோல்கள் அடித்தார். நான்கு மாதம்கூட நிறைவதற்குள், 1936 ஏப்ரல் 13 அன்று, லூட்டன் அணிக்காக முதன்முறை மைய முன்கள வீரராக இறக்கப்பட்ட ஜோ பெய்ன் பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு எதிராக 10 கோல்கள் அடித்தார். இங்கிலாந்து லீக் ஆட்டமொன்றில் ஒருவர் அடித்த கோல்களில் இதுவே இன்றுவரை மிகுதி. பின்னாளில் எவர்ட்டனில் புகழ்பெற்ற டிக்ஸி டீன் தம் லீக் வாழ்வைத் தொடங்கியதும் வடக்குப் பிரிவின் டிரான்மியரில்தான்.

1958இல் தெற்கு, வடக்குப் பிரிவுகள் கலைக்கப்பட்டு, நாடு முழுமைக்குமான மூன்றாம், நான்காம் டிவிஷன்கள் அமைந்தன. 1992இல் பிரீமியர் லீக் தனியே பிரிந்தபோது மூன்றாம் டிவிஷன் இரண்டாம் டிவிஷன் எனப் பெயர் மாறியது. 2004இல் அதுவே லீக் ஒன் ஆயிற்று. இன்றைய முறைப்படி முதல் இரு கழகங்கள் நேரடியாக உயர்கின்றன. மூன்று முதல் ஆறாம் இடம்வரை உள்ள நான்கும் பிளே-ஆஃபில் மோதி, வெல்லும் ஒன்று மட்டும் உயர்கிறது. வழக்கமாகக் கடைசி நான்கு கழகங்கள் கீழிறங்கும். பரி நீக்கப்பட்டதால் 2019–20 பருவத்தில் அந்த எண்ணிக்கை மூன்றாகக் குறைக்கப்பட்டது.

மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பரி நகரில் 1885இல் தொடங்கப்பட்ட பரி கழகம், 1894இல் ஃபுட்பால் லீகில் சேர்ந்த முதல் பருவத்திலேயே இரண்டாம் டிவிஷனை வென்று முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. எஃப்.ஏ. கோப்பையை 1900இலும் 1903இலும் வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டெர்பி கவுண்ட்டியை 6–0 என வீழ்த்தியது, கோப்பை இறுதியாட்ட வெற்றிகளில் மிகப் பெரிய வித்தியாசமாக 116 ஆண்டுகள் தனித்து நின்றது. மான்செஸ்டர் சிட்டி அதே கணக்கில் வாட்ஃபோர்டை வென்று அதைச் சமன்செய்த 2019ஆம் ஆண்டிலேயே பரி லீகிலிருந்து நீக்கப்பட்டது. கடனில் மூழ்கியிருந்த கழகம் 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. சம்பளம் காலந்தாழ்ந்த நிலையிலும் வீரர்கள் 2018–19 லீக் டூவில் இரண்டாமிடம் பெற்றுக் கழகத்தை மூன்றாம் நிலைக்கு உயர்த்தினர். 2019 ஜூலையில், கடனின் ஒரு பகுதியை மட்டும் செலுத்தித் தீர்ப்பதாகக் கடன் கொடுத்தோருடன் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குத் தண்டனையாகப் பரி 12 புள்ளிகளை இழந்தது. பருவம் முழுவதையும் நடத்தப் பணமுண்டு என்பதற்கான சான்றை லீக் நிர்வாகமான இ.எஃப்.எல். கேட்டது, அது வராததால் பரியின் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கப்பட்டன. கழகத்தை வாங்க முன்வந்த நிறுவனமும் கடைசி நாளில் பின்வாங்கியது. 2019 ஆகஸ்ட் 27 அன்று, புதிய உரிமையாளர் வருவார் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் பரியின் சொந்தக் களமான கிக் லேன் அரங்கைத் துப்புரவு செய்துகொண்டிருந்தனர். அன்றிரவே 125 ஆண்டுக்கால லீக் உறுப்புரிமை பறிக்கப்பட்டது. 1992இல் மெய்ட்ஸ்டோன் யுனைட்டட் வீழ்ந்த பிறகு லீக் இவ்வாறு ஒரு கழகத்தை இழந்தது இதுவே முதல்முறை. உரிமையாளரின் நிதிநிலையைக் கழகத்தை வாங்கும் வேளையிலேயே ஆராயாமல், கழகம் சரிந்த பிறகு சான்று கேட்ட விதிமுறையின் ஓட்டையும் இதற்கு ஒரு காரணம்.

அண்டை நகரான போல்ட்டனும் அதே வாரத்தில் அதே கதிக்கு மிக அருகில் சென்று தப்பியது. 1888இல் ஃபுட்பால் லீகைத் தொடங்கிய 12 கழகங்களுள் ஒன்றும், எஃப்.ஏ. கோப்பையை நான்குமுறை வென்றதுமான போல்ட்டன் வாண்டரர்ஸ், கடனடைக்க முடியாமல் 2019 மே மாதம் திவால் சட்டப்படி வெளியார் பொறுப்பில் விடப்பட்டதால், மைனஸ் 12 புள்ளிகளோடு பருவத்தைத் தொடங்கியது. மூத்த வீரர்கள் பெரும்பாலோர் இல்லாத நிலையில், ஆகஸ்ட் 10 அன்று கழக வரலாற்றிலேயே மிக இளைய அணியைக் களமிறக்கி, பின்னர் பட்டம் வென்ற கோவென்ட்ரியையே 0–0 எனத் தடுத்து நிறுத்தியது. அதன்பின் வந்த ஆட்டங்களில் ஐந்து கோல் வித்தியாசத் தோல்விகள் தொடர்ந்தன. ஆகஸ்ட் 28 அன்று புதிய உரிமையாளர் பொறுப்பேற்றதால் கழகம் பிழைத்தது. ஆனால் 34 ஆட்டங்களின் முடிவில் 14 புள்ளிகளோடு கடைசி இடத்திலேயே நின்றது.

பட்டம் வென்ற கோவென்ட்ரி சிட்டி, ஒரு மிதிவண்டித் தொழிற்சாலையின் ஊழியர்களால் 1883இல் தொடங்கப்பட்டது. தன் நகரின் ரிக்கோ அரங்கு பற்றிய தகராறு தீராததால், தன் ‘சொந்தக் கள’ ஆட்டங்களை அது பர்மிங்ஹாம் நகரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் அரங்கில் ஆட நேர்ந்தது. சொந்த ஊரிலிருந்து பிரிந்திருந்த நிலையிலும், மார்க் ராபின்ஸ் பயிற்சியில் 34 ஆட்டங்களில் 18 வெற்றி, 13 சமநிலை, 3 தோல்வி எனப் பெற்று 67 புள்ளிகளை ஈட்டியது. அதிக கோல் அடித்தவர் பீட்டர்பரோ யுனைட்டடின் ஐவன் டோனி (24). ஆறுமுறை இங்கிலாந்து சாம்பியனான சண்டர்லேண்டும் இருமுறை சாம்பியனான போர்ட்ஸ்மத்தும் இப்பருவத்தில் மேலெழ முயன்று தோற்றன.

மார்ச்சில் ஆட்டங்கள் நின்றபோது கழகங்கள் 34 முதல் 36 ஆட்டங்கள்வரை ஆடியிருந்தன. மூன்றாம் நிலைக் கழகங்கள் நுழைவுச்சீட்டு வருவாயையே பெரிதும் நம்பியிருந்ததால், பார்வையாளரற்ற அரங்கில் வீரர்களுக்கான மருத்துவச் சோதனைச் செலவையும் ஏற்று ஆடுவது பலவற்றுக்கு இயலாததாயிற்று. பீட்டர்பரோ, போர்ட்ஸ்மத், சண்டர்லேண்ட், ஆக்ஸ்ஃபோர்ட் யுனைட்டட், ஃப்ளீட்வுட் டவுன், இப்ஸ்விச் டவுன் ஆகிய ஆறும் எஞ்சிய ஆட்டங்களை ஆடியே தீர வேண்டும் என்றன. பெரும்பான்மைக் கழகங்கள் மறுத்தன. முடிவில் ஆட்டச் சராசரி முறை கையாளப்பட்டது. அதாவது ஒவ்வொரு கழகமும் பெற்ற புள்ளிகளை அது ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த ஈவுப்படி இடங்கள் வரிசைப்படுத்தப்பட்டன. பீட்டர்பரோ (35 ஆட்டம்), சண்டர்லேண்ட் (36), விக்கம் (34) மூன்றும் 59 புள்ளிகளே பெற்றிருந்தன. குறைவாக ஆடியிருந்த விக்கம் 1.74 சராசரியால் எட்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தாவியது. ஆறாம் இடத்திலிருந்த பீட்டர்பரோ ஏழாவதாகச் சரிந்து பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது.

இதைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது டிரான்மியர். 35 ஆட்டங்களில் 35 புள்ளி பெற்ற ஏ.எஃப்.சி. விம்பிள்டனைவிட மூன்றே புள்ளி பின்தங்கி, ஓர் ஆட்டம் குறைவாக ஆடி, கடைசி மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்த அக்கழகம், 1.00க்கு எதிராக 0.94 என்ற நூலிழை வித்தியாசத்தில் கீழிறக்கப்பட்டது. முந்தைய பருவங்களின் ஏற்றத்தாழ்வுகளைக் கணக்கிட்டுப் பிழைவிளிம்பு ஒன்றை ஏற்குமாறு அது முன்வைத்த மாற்றுத்திட்டம் ஏற்கப்படவில்லை. களத்தில் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அளிக்காமல் இவ்வளவு சிறிய வேறுபாட்டை வைத்து ஒரு கழகத்தைத் தண்டித்தது நியாயமற்றது.

பிளே-ஆஃப் ஆட்டங்கள் ஜூலையில் பார்வையாளர் இன்றி நடந்தன. விக்கம் இரு ஆட்டங்களில் சேர்த்து 6–3 என ஃப்ளீட்வுட்டையும், ஆக்ஸ்ஃபோர்ட் இரு 1–1 சமநிலைகளுக்குப் பின் பெனால்ட்டி உதைகளில் 5–4 எனப் போர்ட்ஸ்மத்தையும் வென்றன. ஜூலை 13 அன்று வெம்ப்ளி அரங்கில், ஆந்தனி ஸ்டீவர்ட்டின் தொடக்க கோலை மார்க் சைக்ஸ் சமன்செய்த பிறகு, ஜோ ஜேகப்சன் 79ஆம் நிமிடத்தில் அடித்த பெனால்ட்டியால் விக்கம் 2–1 என வென்றது. 1887இல் தோன்றி, 1993 வரை ஃபுட்பால் லீகிலேயே இடம்பெறாதிருந்த இச்சிறு கழகம் கேரத் ஐன்ஸ்வொர்த் பயிற்சியில் முதன்முறையாக இரண்டாம் நிலையை எட்டியது.

அடுத்த பருவத்திலேயே விக்கமும் ராதரமும் மீண்டும் மூன்றாம் நிலைக்கு இறங்கின. போல்ட்டன் 2021இல் லீக் ஒன்னுக்குத் திரும்பியது. பரியில் ரசிகர் அமைப்புகள் இணைந்ததால், பரி கழகம் 2023 முதல் கிக் லேனில் கீழ்நிலை லீகில் ஆடுகிறது. பரியின் வீழ்ச்சியால் வலுப்பெற்ற கோரிக்கையின் விளைவாக, கழகங்களின் நிதியையும் உரிமையாளரின் தகுதியையும் கண்காணிக்கும் தனி ஒழுங்குமுறை ஆணையத்தை அமைக்கும் கால்பந்து ஆளுகைச் சட்டம் 2025 ஜூலையில் அரச ஒப்புதல் பெற்றது.