பரோடாவுக்குச் சென்ற வீணை



1956-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு லுகானோ நகரில் ஏழு ஐரோப்பிய நாடுகள் கூடிப் பாட்டுப் போட்டி ஒன்றைத் தொடங்கின. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பாட்டின் பொருட்டு நெடும்பயணம் மேற்கொண்டது ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் நாடிச் சென்றது பரிசையன்று. ஒரு வழக்கின் தீர்ப்பை.

அக்குடும்பத் தலைவரை நினைக்க எனக்குத் தனிக் காரணம் உண்டு. என் ஊர் சின்னாளப்பட்டி. அங்கிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திண்டுக்கல்லில்தான் ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியப் பயிற்சி பெற்றார். சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றதும் அங்கேதான். 1859-இல் சாம்பவர் வடகரையில் பிறந்த அவர், பின்னர் தஞ்சையில் குடியேறிச் சித்த மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளை இசை ஆராய்ச்சிக்கே வாரி இறைத்தார். 1912 மே 27-இல் தம் சொந்தச் செலவில் இசை வல்லுநர்களைத் தஞ்சையில் கூட்டினார். பின்னும் பல மாநாடுகள் நடத்தினார்.

வழக்கு இதுதான்: கீழ்ச் சட்சத்திற்கும் மேற் சட்சத்திற்கும் இடையே சுருதிகள் எத்தனை? பரதர், சார்ங்கதேவர் ஆகியோரின் வடமொழி நூல்களைப் பின்பற்றியோர் 22 என்றனர். பண்டிதரோ சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவி ஆராய்ந்து, ஆயப்பாலையில் 12 சுரங்கள், வட்டப்பாலையில் அவற்றின் பாதியாக 24 சுருதிகள், அவை அனைத்தும் சம அளவின என்றார். எங்கள் ஊர்ச் சுங்குடிச் சேலையில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி ஒத்திருக்க வேண்டும் அல்லவா? ஏறத்தாழ அத்தகைய கணக்கு அது.

1916 மார்ச்சில், மன்னர் சயாஜிராவ் ஆதரவில், பாத்கண்டேயின் முயற்சியால் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடிற்று. தஞ்சையிலிருந்து சிறு பாதை இரயிலில் சென்னை. அங்கே அகலப் பாதைக்கு மாறி, குண்டக்கல், ராய்ச்சூர் வழியே பம்பாய். மீண்டும் வண்டி மாறிப் பரோடா. அக்காலப் பயணிகளுக்கு இருந்த வழி இதுவே. வீணையை நம்முடன் வைத்துக்கொண்டு ஒருமுறை இரயிலேறிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்! ஒரு சுரம் பிசகினால் வாதமே பிசகிவிடும்.

மாநாட்டில் எதிர்க்கட்சியினரும் கருவியோடுதான் வந்திருந்தனர். தேவால் என்பவரும் கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியும் 22 சுருதிகளுக்கென அமைத்த ஆர்மோனியம் அங்கே சோதிக்கப்பட்டது. பண்டிதர் தம் கணக்கை எடுத்துரைக்க, அவருடைய பெண்மக்கள் மரகதவல்லியும் கனகவல்லியும் வீணையோடு அதனை இசைத்துக் காட்டினர். கணக்கைத் தாளில் எழுதுவது எளிது; மாற்றுக் கருத்துடைய வித்துவான்களின் செவிமுன் ஒலியாக்குவது எளிதன்று. மேடையேறிப் பாடும் பெண்களை ஊர் ஐயத்தோடு நோக்கிய காலத்தில், அப்பெருஞ்சபையில் ஆராய்ச்சிக்குச் சான்றாக அவ்விருவரும் அமர்ந்தனர் என்பதை நான் பண்டிதரின் வாதத்தினும் பெரிதாக மதிக்கிறேன்.

வழக்கு தீரவில்லை. 22 என்றோர் அதை விடவில்லை. பண்டிதரும் 24-ஐ விடவில்லை. என் கருத்தைக் கேட்டால், கமகத்தால் அசைந்து அசைந்து செல்லும் நம் பாட்டு எந்தச் சமப் பங்கீட்டிலும் முற்றும் அடங்காது. சிலப்பதிகார உரையாளர் சொல்லாத நுட்பக் கணக்கையும் பண்டிதர் அவர்கள்மேல் ஏற்றினாரோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. ஆயினும், பழந்தமிழ் நூல்களில் ஓர் இசை இலக்கணம் புதைந்து கிடக்கிறது என்பதை அகில இந்திய அவையொன்றின் காதில் விழச் செய்தவர் அவரே. பின்வந்த விபுலாநந்த அடிகள் போன்றோரின் யாழாராய்ச்சிக்கு முன்னோடியும் அவரே.

பரோடாவிலிருந்து மீண்ட மறு ஆண்டு, 1917-இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. 1919 ஆகஸ்டு 31-இல் பண்டிதர் மறைந்தார். அந்நூலின் இரண்டாம் பாகம் அச்சேற 1946 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனை வெளியிட்டவர், பரோடாவுக்கு உடன் சென்ற அதே மரகதவல்லி அம்மையார்.