வலுவூட்டிய ஒயின் சேமிப்பு

திராட்சை ரசம் நொதிக்கும்போதோ நொதித்து முடிந்த பின்னரோ திராட்சைச் சாராயம் சேர்த்துச் செய்யப்படுவது வலுவூட்டிய ஒயின். போர்ச்சுகலின் போர்ட், ஸ்பெயினின் ஷெர்ரி, மதீரா தீவின் மதீரா ஆகியவை பெயர்பெற்றவை. இவற்றில் மதுச்சத்து பெரும்பாலும் 15 முதல் 22 விழுக்காடு. அதனால் எந்தச் சூட்டையும் தாங்கும் என்று நினைப்பது தவறு.

ஐரோப்பிய வழக்கப்படி புட்டிகளை 12 முதல் 15 டிகிரி செல்சியஸில், இருட்டான நிலவறையில் வைப்பார்கள். திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிக் கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கும் பள்ளிப்பட்டில் இது எளிதல்ல. கத்திரி வெயிலில் இந்தப் பக்கம் 40 டிகிரியைத் தொடும். குழி தோண்டினால் குளிர்ந்துவிடும் என்பதும் சரியல்ல. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். இங்கிலாந்தில் அது 10 டிகிரி அளவு. வட தமிழகத்தில் 28 டிகிரி அளவு. ஆகவே இங்கே நிலவறை தருவது குளிர்ச்சியை அல்ல, ஏற்ற இறக்கமில்லாத வெப்பத்தை. அதுவும் பெரிய உதவிதான். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளும். ஆறும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். தக்கை விளிம்பில் பிசுபிசுப்பு தெரிந்தால், கழுத்தில் ஒயின் மட்டம் இறங்கியிருந்தால், அந்தப் புட்டியை மேலும் வைத்திருக்கக் கூடாது.

வெப்பநாட்டுக்குப் பொருத்தமானது மதீராதான். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மதீரா தீவில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு இந்தியா வந்தன. சென்னையில் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் விரும்பிக் குடித்ததும் அதுவே. வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் வெந்த பீப்பாய் ஒயின் கெடாமல் சுவை கூடியது. இந்தியாவுக்கு வந்து திரும்பிய பீப்பாய்களுக்குத் தனி மதிப்பே இருந்தது. இன்று கப்பல் பயணத்துக்குப் பதிலாக, தொட்டியில் 45 முதல் 50 டிகிரியில் குறைந்தது 3 மாதம் சூடேற்றுகிறார்கள்; உயர்ந்த வகைகளைப் பரண்களில் ஆண்டுக்கணக்கில் முதிரவிடுகிறார்கள்.

வின்டேஜ் போர்ட் இதற்கு நேர்மாறு. மரத்தில் ஏறக்குறைய 2 ஆண்டு இருந்த பின் புட்டிக்குள்ளேயே பல பத்தாண்டு முதிர வேண்டியது அது. குளிரூட்டும் பெட்டியும் மின்வெட்டைத் தாங்க இன்வெர்ட்டரும் இல்லாதவர்கள் அதை வாங்கி அடுக்குவது பணத்துக்குக் கேடு. இந்தப் புட்டியைத் தக்கை நனைந்திருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். புட்டியில் வெள்ளைச் சாயக் குறி இருந்தால், வண்டல் இடம் மாறாதபடி அது மேல்பக்கம் இருக்கட்டும். மதீரா, ஷெர்ரி, டானி போர்ட் ஆகியவற்றை நிறுத்தியே வைக்கலாம். மதீராவின் புளிப்பும் சாராயமும் தக்கையை அரிக்கும் என்பதால் அதைப் படுக்கவைக்கவே கூடாது.

வீட்டில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண் மிக மோசமான இடம். கீழ்த்தளத்தில் வெயில் படாத வடக்குப் பக்க உள்ளறை, அதிலும் கடப்பைக் கல் அலமாரியின் அடித்தட்டு, நல்லது. அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தால் கரையான் பெட்டியோடு லேபிளையும் தின்றுவிடும். ஊறுகாய் ஜாடி, மண்ணெண்ணெய், பாச்சை உருண்டை ஆகியவை பக்கத்தில் வேண்டாம்.

வாங்குவதைப் பொறுத்தவரை, பள்ளிப்பட்டில் எல்லை தாண்டினால் ஆந்திர மதுக்கடை அருகில்தான். ஆனால் அனுமதியின்றி அங்கிருந்து மது கொண்டுவருவது குற்றம்.

திறந்த பின் ஃபீனோ ஷெர்ரியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். வின்டேஜ் போர்ட் இரண்டு மூன்று நாள் தாங்கும், டானி சில வாரம். மதீரா மாதக்கணக்கில் கெடாது.