கொடியை வெட்டும் கை

துணியில செடி, கொடி தைக்கிறதுல என்ன அரசியல்னு கேட்பீங்க. 16-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு திராட்சைக் கொடி எம்பிராய்டரி, தேசத்துரோக வழக்கில் சாட்சியாவே வந்துச்சு!

1568-ல் ஸ்காட்லாந்திலிருந்து தப்பி வந்த ராணி மேரியை, முதலாம் எலிசபெத் காவலில் வைத்தார். காவலுக்குப் பொறுப்பான பிரபுவின் மனைவி பெஸ். ரெண்டு பேரும் சேர்ந்து தைக்க ஆரம்பிச்சாங்க. செடிகளுக்கு மாதிரி, இத்தாலிய மருத்துவர் மத்தியோலியின் மூலிகைப் புத்தகப் படங்கள்.

தன்னைக் கல்யாணம் பண்ண நினைத்த நார்ஃபோக் பிரபுவுக்கு மேரி ஒரு குஷன் அனுப்பினார். அதில் வானத்திலிருந்து நீளும் கை, கத்தியால் கொடியை வெட்டுது. கூடவே, காயத்தால்தான் வலிமை துளிர்க்கும் என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி.

அர்த்தம் என்ன? காய்க்காத கிளை, வாரிசு இல்லாத எலிசபெத். காய்க்கும் கிளை, மகன் பெற்ற மேரி. வெட்ட வேண்டியது எதைன்னு புரியுதுல்ல?

1572-ல் நார்ஃபோக்கின் தலை போச்சு. 1586-ல் மேரியின் சங்கேதக் கடிதங்களையும் உடைச்சுப் படிச்சாங்க. அடுத்த வருஷம் அவர் தலையும் போச்சு.

அதே கொடி டிசைன் ஆக்ஸ்பரோ மாளிகைத் திரைச்சீலையில் இன்னைக்கும் இருக்கு. பார்த்தா வெறும் தோட்டம். படிச்சா, ஒரு கைதி எழுதின அரசியல்.