விழக் கற்பதும் நிற்கக் கற்பதும்

பாராசூட்டில் தரையிறங்கும் கலையில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று ராணுவத்தார் வகுத்த பி.எல்.எஃப். (பாராசூட் லேண்டிங் ஃபால்): கால்களைச் சேர்த்து இறங்கிப் பக்கவாட்டில் உருண்டு விழுவது. மற்றது பொழுதுபோக்கு வான்குதிப்பாளர்களின் ஃபிளேர்: குடையைச் செலுத்தும் கைப்பிடிகளான இரு டாகிள்களையும் ஒருசேர இழுத்து, இறக்கத்தைத் தணித்து, நின்றபடி இறங்குவது. முன்னதை வட்டக் குடைக் காலத்தின் மிச்சம் என்றும் பின்னதை அதன் திருத்தம் என்றும் பலர் கருதுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் ரிங்வேயிலும் அமெரிக்காவின் பென்னிங் கோட்டையிலும் பயின்ற வீரருக்குக் கடைசி நொடியில் வேகத்தைக் குறைக்க வழியில்லை. அமெரிக்க ராணுவம் பின்னர் நெடுங்காலம் பயன்படுத்திய டி-10 குடையும் நொடிக்குச் சுமார் 6.7 மீட்டர் இறங்கியது, 2.3 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்கு அது சமம். டொமினா ஜால்பெர்ட் 1966இல் காப்புரிமை பெற்ற காற்றறைக் குடையோ ஓர் இறக்கை. அது முன்னோக்கியும் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலே அதன் ஆபத்து. அதுவே அதன் கையிருப்பு.

வீரர் மோதலின் ஆற்றலைத் தம் உடலில் பங்கிடுகிறார்: முன்பாதம், கெண்டைக்காலின் பக்கம், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என ஐந்து இடங்கள் வரிசையாகத் தரையைத் தொடுகின்றன. குதிப்பாளர் அதைக் காற்றில் செலவழிக்கிறார்: குடையின் பின்விளிம்பு தாழ்ந்ததும் குடை தயங்க, அவர் உடல் ஊஞ்சலைப் போல முன்னே வீசப்பட, குடையின் முகப்பு நிமிர்ந்து முன்வேகம் தூக்குவிசையாக மாறுகிறது. ஒருவருக்குச் செலவு தரையில், மற்றவருக்கு வானில். இருவரும் தவிர்ப்பது ஒன்றையே: முழுத் தொகையையும் ஒரே கணத்தில் கட்டுவது.

பிழைகளிலும் இந்த உறவு தொடர்கிறது. தரை நெருங்கும்போது அதை எட்டித் தொடத் துடிப்பது மனித இயல்பு. வீரர் காலை நீட்டித் தேடினால் முழங்கால் விறைத்து எலும்பு முறிகிறது. குதிப்பாளர் ஒரு கையை நீட்டினால் அந்தப் பக்க டாகிள் கூடுதலாக இழுபட்டு, குடை அப்பக்கமே திரும்புகிறது; தாம் அஞ்சிய திசையிலேயே விழுந்துவிட்டுக் காற்றைக் குறை சொல்கிறார். பயிற்றுநர்கள் இருவருக்கும் தரும் மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான்: பாதத்தின் கீழே பார்க்காதே, பார்வையை முன்னே தொலைவில் வை.

வேற்றுமை காலக்கணிப்பில் இருக்கிறது. பி.எல்.எஃப்.க்குத் தேவை முன்னரே அமைந்த உடல்நிலை. தரை எப்போது வந்தாலும், இருளிலேயே வந்தாலும், அது பலிக்கும். ஃபிளேரின் உயிரோ தருணத்தில் இருக்கிறது. பெரும்பாலான குடைகளுக்கு மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் தொடங்க வேண்டும். முந்திவிட்டால் கைகளை அங்கேயே நிறுத்த வேண்டும். பதறி மேலே விட்டால் குடை முன்னோக்கிப் பாய்ந்து இறங்கும். பிந்திவிட்டால் உருளுவதே மிச்சம்.

ஆகவே தேர்ச்சிக்கான வழிகளும் பிரிகின்றன. உருளுதலைத் தாழ்வான மேடையிலிருந்து ஒரே பிற்பகலில் எத்தனை முறையும் பழகலாம். ஃபிளேரை உயரத்தில் ஒத்திகை பார்த்து, குடை எந்த இழுப்பில் மட்டமாகிறது, எதில் தூக்குவிசை இழந்து ஸ்டால் ஆகிறது என்று அறியலாம். ஆனால் தரையைக் கண்டு உயரம் மதிப்பிடும் வாய்ப்பு ஒரு குதிப்புக்கு ஒன்றே. அதனால் முன்னதற்குத் திரும்பத் திரும்பச் செய்வது போதும். பின்னதற்கு ஒவ்வொரு இறக்கத்தையும் வீடியோ எடுத்துப் பயிற்றுநருடன் அலச வேண்டும். அலசலும் 300 மீட்டர் உயரத்திலிருந்தே தொடங்க வேண்டும். காற்றை எதிர்த்த நேரான, நிதானமான கடைசி ஓட்டம் அமையாதவருக்கு நல்ல ஃபிளேரும் அரிது.

அமெரிக்காவில் பி.எல்.எஃப். முதல் பாடத்திலேயே வருகிறது. வான்குதிப்பாளரின் முதல் நிலையான ஏ உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். அடுத்த நிலையான பி உரிமத்துக்குக் குடை செலுத்தும் பயிற்சி கட்டாயம். இந்த வரிசை, முதலாவதைத் தாண்டித்தான் இரண்டாவதற்குச் செல்கிறோம் என்ற தோற்றத்தைத் தருகிறது. உண்மையில் முதலாவது இரண்டாவதற்குள் வேலை செய்கிறது. பாதங்களையும் முழங்கால்களையும் சேர்த்து வைத்தால் ஹார்னஸில் எடை சமமாகப் பரவி, குடை நேராகச் செல்கிறது. கால் அகன்று உடல் சாய்ந்தால் குடையும் சாய்கிறது. விழத் தெரிந்தவர் பதறாமல் ஃபிளேரை முழு இழுப்புவரை முடிக்கிறார். எப்படியும் நின்றே தீருவேன் என்பவர் பாதியிலேயே காலை நீட்டிவிடுகிறார்.

எனவே சீராக நின்று இறங்க விரும்புபவர் உருளும் தயார்நிலையிலேயே கடைசி ஓட்டத்துக்குள் வரட்டும். ஃபிளேரை முழுமையாக முடிக்கட்டும். நிற்பதா, ஓடுவதா, உருள்வதா என்பதை மிஞ்சிய வேகம் சொல்லும். காற்றே வீசாத நாளில் அந்த வேகம் கூடுதலாக இருக்கும்; அன்று உருள்வதும் தேர்ச்சியின் கணக்கிலேயே சேரும்.