நிரம்பிய கூடு, காலிக் கூடு

கீழவாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். நூறு வருஷத்துக்கும் மேல் இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, அந்தப் பக்கம் பிரிட்டிஷ். துப்பாக்கி மருந்திலும் ரெண்டு பேருக்கும் போட்டிதான். 1884இல் பிரான்சில் போல் வியேய் புகையில்லாத மருந்தைச் செய்தார். 1889இல் பிரிட்டன் கார்டைட்டோடு வந்தது. பிறகு நம்ம நீலகிரி அருவங்காட்டிலேயே கார்டைட் ஆலை எழுந்தது.

ரைபிளுக்கு அது வரம். ரிவால்வருக்குத்தான் சங்கடம். பழைய கரிமருந்து தோட்டாவின் பித்தளைக் கூட்டை நிரப்பிவிடும். கார்டைட்டோ கொஞ்சம் போதும், மீதிக் கூடு காலி. காலியிடம் அதிகமானால் சீராக எரியாது. வெப்ளி ரிவால்வரின் .455 தோட்டாவுக்கு 1897இல் கூட்டையே குட்டையாக்கிவிட்டார்கள். மருந்துக்குத் தக்க பாத்திரம்!

1935இல் அமெரிக்காவில் .357 மேக்னம் வந்தபோது கதை திரும்பியது. கரிமருந்துக் காலத்து .38 ஸ்பெஷல் கூட்டைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டினார்கள், பழைய ரிவால்வருக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்று. இவ்வளவு நீளக் கூட்டுக்கு எந்த மருந்து? கையால் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இன்றும் இதுதான் கேள்வி. வேகமாக எரிவது சிட்டிகை போதும், காசு மிச்சம். ஆனால் தவறி இரண்டு முறை விழுந்தாலும் கூடு வழியாது. சுட்டால் ரிவால்வரின் உருளையே பிளக்கலாம். என்னைக் கேட்டால் மெதுவாக எரிவதுதான். கூட்டில் பாதிக்கு மேல் அதுவே நிற்கும். மறந்துபோய் மறுபடி போட்டால் வழிந்து கொட்டும், அந்தப் பழைய கரிமருந்து மாதிரியே.